நான் நடாத செடிகள்



உங்கள் இல்லத்தில் யாரேனும் எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார்களா? அல்லது நீங்களே அந்நிலையில் இப்பக்கத்தைப் புரட்டுகிறீர்களா? இச்சாட்சி உங்களுக்காகவே எழுதப்படுகிறது.

கடந்த ஆண்டு மே மாத இறுதியில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து என் வலது கணுக்கால் முறிந்தது. ஆறு வாரங்கள் காலை ஊன்றக்கூடாது என்றார் மருத்துவர். இரண்டு வீடுகளில் செய்துவந்த சமையல் வேலை நின்றது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் நின்றது. ஜெபிக்க வந்த ஒரு சகோதரி, "அறிக்கையிடாத பாவம் ஏதேனும் உண்டா?" என்று வினவிச் சென்றார். முறிந்த எலும்பைவிட அக்கேள்வியே அதிகமாய் வலித்தது.

எங்கள் மும்பைப் புறநகர் வீட்டின் பின்வாசலில் நான்கடி அகல மண் உண்டு. நான் நட்ட ரோஜாவும் கறிவேப்பிலையும் தண்ணீரின்றிக் கருகிப்போயின. ஜூன் மாதத்தில் மழை இறங்கிற்று. பத்தே நாட்களில், நான் விதைக்காத பசுமை அங்கே நின்றது! நாற்காலியில் அமர்ந்து ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன். இலைக்காம்பின் அடியில் மணிமணியாய்க் காய் தாங்கும் கீழாநெல்லி. தரையோடு படரும் மூக்கிரட்டை. இரவில் இலைகளை மடித்துக்கொள்ளும் தகரை. கோடையில் தண்டு காய்ந்தாலும், வேரிலிருந்து மழையில் மறுபடியும் துளிர்ப்பதால் மூக்கிரட்டையை வடமொழியில் 'புனர்நவா' என்பர். மீண்டும் புதிதாவது என்பது அதன் பொருள்.

அடுத்த வீட்டு மராத்திய மூதாட்டி தகரையைக் கண்டு மகிழ்ந்தார். அவர்கள் அதனை 'டாக்ளா' என்பர். முதல் மழையின் இளந்தளிரையே சமைப்பர், முற்றினால் கசக்கும். அன்று மாலை பொரியலும் பாக்ரியும் எங்கள் வீட்டிற்கு வந்தன. ஏழு ஆண்டுகள் அருகில் வாழ்ந்தும் அவருடைய சமையலறையை நான் அறியாதிருந்தேன்.

இவ்விதைகள் எங்கிருந்து வந்தன? 1879-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்னும் தாவரவியலாளர், விதைகளும் மணலும் நிரப்பிய 20 புட்டிகளை மண்ணில் புதைத்தார். அவற்றுள் ஒன்றை 2021-இல் தோண்டியெடுத்தபோது, சில விதைகள் அப்போதும் முளைத்தன! நாம் வெறுமை என்று எண்ணும் மண்ணுக்குள் தேவன் எவ்வளவாய்ச் சேமித்து வைத்திருக்கிறார்!

பிரியமானவர்களே, பிறவிக் குருடனைக் குறித்து, பாவஞ்செய்தவன் யார் என்று சீஷர்கள் கேட்டபோது ஆண்டவர் அளித்த பதிலை யோவான் 9-ஆம் அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள். வியாதிப்பட்டவரிடம் அக்கேள்வியை எடுத்துச் செல்லாதிருங்கள். ஒரு பாத்திரம் உணவை எடுத்துச் செல்லுங்கள்.

ஓர் எச்சரிப்பு: அடையாளம் உறுதியாய்த் தெரியாத செடியை உண்ணாதீர்கள். சாக்கடையோரத்தில் முளைத்த கீரையைப் பறிக்காதீர்கள். முறிந்த எலும்புக்குப் பச்சிலை கட்டி மருத்துவரைத் தவிர்க்காதீர்கள். மருத்துவமும் கர்த்தர் தந்த ஈவே.

ஒரே இரவில் என் கால் குணமாகவில்லை. ஆகஸ்டு மாதத்தில், ஊன்றுகோலுடன் சபைக்கு நடந்து சென்றேன். நடந்தது அற்புதம் அல்ல என்று யார் சொல்லக்கூடும்? நீங்கள் நட்டவை கருகியிருந்தால் சோர்ந்துபோகாதிருங்கள். அவர் விதைத்தவை உங்கள் மண்ணில் மழைக்காகக் காத்திருக்கின்றன. அவருக்கே ஸ்தோத்திரம்!