சுறாவின் மூக்கில் மின்சாரம்

நெய்வேலிக்குக் கடல்மீன் கடலூர், முடசல் ஓடை, அன்னங்கோவில் கரைகளிலிருந்து வருகிறது. பிள்ளை பெற்றவள் இருக்கும் வீடென்றால் பால்சுறாவைக் கேட்டு வாங்குவார்கள். "புட்டுக்கு, சுத்தம் பண்ணிக் கொடுங்க" என்று பையை நீட்டிவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுகிறோம். கத்தி படுவதற்கு முன் அந்த மீனைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

தலையிலிருந்து வாலை நோக்கித் தடவினால் வழுவழுப்பு. எதிர்த்துத் தடவினால் உப்புத்தாள் மாதிரி கையைச் சுரண்டும். தோல் முழுக்க நுண்ணிய பற்கள். வாயிலுள்ள பல்லைப் போலவே இவற்றிலும் உள்ளே கூழ், மேலே கெட்டியான பூச்சு. மூடியில்லாத செவுள் பிளவுகள் பக்கத்துக்கு ஐந்தாக வரிசையில் நிற்கும். உடம்பில் எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. வேகவைத்துத் தோலுரித்து உதிர்த்தால் முள் தொல்லை இல்லாமல் புட்டு ஆவது அதனால்தான். பழசான சுறாவில் மூக்கைத் துளைக்கும் நெடிக்கும் காரணம் உண்டு. கடலின் உப்பைத் தாங்குவதற்காகச் சுறா தன் ரத்தத்திலும் தசையிலும் யூரியாவைத் தேக்கி வைக்கிறது. செத்த பிறகு பாக்டீரியா அதை அமோனியாவாக்குகிறது.

முகத்தைத் திருப்பிப் பாருங்கள். மூக்குப் பகுதியில் ஊசி குத்தியது போன்ற துளைகள் நிறைய இருக்கும். விரலால் அழுத்தினால் தெளிவான பிசின் கசியும். 1678இல் இத்தாலியரான லொரென்சினி இவற்றை விவரித்தார். எதற்காக இருக்கின்றன என்பது தெரிய ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் ஆகின. 1971இல் கால்மைன் என்ற நெதர்லாந்து விஞ்ஞானி ஒரு தட்டைமீனைக் கடற்பாசிக் கூழாலான அறைக்குள் வைத்து மணலில் புதைத்தார். கண்ணுக்குத் தெரியாத அந்த மீனைச் சுறா நேராக வந்து கண்டுபிடித்தது. மின்சாரம் கடக்காத தாளால் அறையை மூடியதும் தேடித் தோற்றது. மீனுக்குப் பதிலாக இரண்டு மின்முனைகளைப் புதைத்தபோது அவற்றைத் தாக்கியது. எந்த உயிரின் உடலிலிருந்தும் கசியும் மின்சாரத்தை அந்தத் துளைகள் உணர்கின்றன. ஒரு சென்டிமீட்டருக்கு, ஒரு வோல்ட்டை நூறு கோடியாகப் பங்கிட்டால் அதில் ஐந்து பங்கு இருந்தாலே சில சுறாக்களுக்குப் போதும். மின்சாரத்துக்குப் பேர்போன நம் நெய்வேலியின் பிள்ளைகள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தியக் கல்லூரிகளில் சுறாவின் உடலமைப்பைச் சொல்லிக்கொடுத்த முதன்மையான நூலை எழுதியவர் ஒரு தமிழ்ப் பெண். இலங்கையைச் சேர்ந்த ஈ.எம்.தில்லையம்பலம், 'ஸ்கோலியோடான்' என்ற சிறு சுறாவைப் பற்றி 1928இல் அதை வெளியிட்டார். பிற்பாடு யாழ்ப்பாணம் சுண்டிக்குளி மகளிர் கல்லூரியின் முதல்வராக இருந்தார். அவர் பெயர் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? தலைமுறை தலைமுறையாக விலங்கியல் மாணவர்கள் அறுத்துப் படித்தது அந்தச் சுறாவைத்தான். விலங்குகளை அறுப்பதைப் படிப்படியாகக் கைவிடுமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் சொன்னது. சரியான முடிவு. ஆனால் சமையலுக்கு எப்படியும் அறுபடும் சுறா மீன்கடையில் கிடக்கிறது. அதைப் பார்க்கப் பிள்ளைகளை யாரும் அழைத்துப் போவதில்லை.

பால்சுறா முட்டையிடுவதில்லை. தாயின் வயிற்றில் தொப்புள்கொடியோடு வளரும் குட்டிகளை ஒரு ஈற்றுக்குச் சிலவாகத்தான் ஈனுகிறது. லட்சக்கணக்கில் முட்டையிடும் மீன்களைப் போல அது பெருகிவிடாது. அடுத்த முறை புட்டுக்கு வாங்கும்போது பிள்ளையையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். கை நீளம்கூட இல்லாத குட்டிச் சுறாவைக் கூறு கட்டி வைத்திருந்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.