ஒளிரும் சுவிட்சும் ரிலேயும்: வாகனத் துணைக்கருவிகளுக்கான மின்னிணைப்பு

வாகனத்தில் பனிமூட்ட விளக்கு, கூடுதல் ஹார்ன், காற்றடிக்கும் கம்ப்ரசர் போன்ற துணைக்கருவிகளைப் பின்னர் பொருத்தும்போது, அவற்றுக்கான மின்னோட்டத்தை டாஷ்போர்டு சுவிட்ச் வழியாக நேரடியாகச் செலுத்தாமல் ரிலே வழியாகச் செலுத்துவது வழக்கம். ரிலே என்பது சிறிய மின்னோட்டத்தால் இயங்கி, பெரிய மின்னோட்டத்தை இணைக்கவும் துண்டிக்கவும் செய்யும் மின்காந்த சுவிட்ச் ஆகும். ஓட்டுநர் கையால் தட்டும் சுவிட்சுக்குள் ஒரு சிறு விளக்கு இருந்தால் அது ஒளிரும் சுவிட்ச் எனப்படும். அந்தச் சிறு விளக்குக்கென உள்ள மூன்றாவது கால், இணைப்புப் பிழைகளுக்கு அடிக்கடி இடம் தருகிறது.

ரிலேயின் தேவை

12 வோல்ட் காரில் 55 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டைப் பொருத்துவதாகக் கொள்வோம். மொத்தம் 110 வாட். அதாவது ஏறத்தாழ 9 ஆம்பியர். இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை மிகக் குறைவு என்பதால், விளக்கு எரியத் தொடங்கும் கணத்தில் இதைப் போல் பல மடங்கு மின்னோட்டம் பாயும். சிறிய சுவிட்சின் தொடுமுனைகள் இதனால் கருகும், சில வேளைகளில் ஒட்டிக்கொள்ளும். பிறகு சுவிட்சை அணைத்தாலும் விளக்கு அணையாது.

வயரின் நீளமும் கணக்கில் வரும். பேட்டரியிலிருந்து டாஷ்போர்டுக்கு வந்து மீண்டும் முன்பக்க விளக்குக்குப் போகும் வயர் 6 மீட்டர் இருக்கலாம். 1 சதுர மி.மீ. செம்பு வயரானால் அதன் மின்தடை சுமார் 0.1 ஓம். 9 ஆம்பியர் பாயும்போது கிட்டத்தட்ட 1 வோல்ட் வயரிலேயே இழக்கப்படும். இழை விளக்கின் ஒளி மின்னழுத்தத்தைவிட வேகமாகக் குறைவதால், ஒளியில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். புது விளக்கு போட்டும் வெளிச்சம் போதவில்லை என்று பல்பைக் குறை சொல்வோர், வயரைப் பார்ப்பது குறைவு. ரிலேயை எஞ்சின் அறையில் வைத்தால் கனமான வயர் குட்டையாக முடிந்துவிடும். டாஷ்போர்டுக்குச் செல்வது ரிலே சுருளுக்கான 0.2 ஆம்பியர் அளவிலான மின்னோட்டம் மட்டுமே.

கால்களும் எண்களும்

வாகன ரிலேயின் கால்களில் உள்ள எண்கள் ஜெர்மானியத் தரமான டிஐஎன் 72552-இலிருந்து வந்தவை. 85, 86 ஆகியவை சுருளின் இரு முனைகள். 30-க்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக மின்சாரம் வரும். சுருள் இயங்கும்போது 30 உடன் சேர்வது 87. துணைக்கருவி இதில்தான் இணைக்கப்படும். ஐந்து கால் ரிலேயின் நடுக்கால் 87ஏ என்றிருந்தால், அது சுருள் இயங்காதபோது 30 உடன் சேர்ந்திருக்கும். விளக்கை அதில் மாட்டினால் சுவிட்சை அணைத்ததும் விளக்கு எரியும். சில ரிலேக்களில் நடுக்காலும் 87-ஆகவே இருக்கும். எனவே மேலே அச்சிட்ட படத்தைப் பார்த்து இணைப்பதே சரி.

ஃபியூஸ் பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில் இருக்க வேண்டும். அது காப்பது விளக்கையல்ல, வயரை. ஃபியூஸ் இல்லாத வயர் தகட்டுத் துளையின் விளிம்பில் உரசி உறை கிழிந்தால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அதில் தள்ளும்; சில நொடிகளில் உறை தீப்பற்றும். மேற்சொன்ன இரு விளக்குகளுக்கு 2 சதுர மி.மீ. வயரும் 15 ஆம்பியர் ஃபியூஸும் பொருந்தும். தகட்டைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் போடுவது கட்டாயம்.

மூன்றாவது கால்

மூன்று கால் ஒளிரும் சுவிட்சில் ஒன்று மின்சாரம் வரும் கால், ஒன்று வெளியேறும் கால், மற்றொன்று சுவிட்சின் சிறு விளக்குக்கான எர்த். வெளியேறும் கால் ரிலேயின் 86-க்குப் போகும். 85 எர்த் செய்யப்படும். சிறு விளக்கு, வெளியேறும் காலுக்கும் எர்த் காலுக்கும் இடையே அமைந்திருப்பதால் சுவிட்ச் போட்டால் மட்டும் ஒளிரும்.

வரும் காலையும் வெளியேறும் காலையும் மாற்றிவிட்டால் ரிலே வழக்கம்போல் இயங்கும், ஆனால் சுவிட்ச் விளக்கு எப்போதும் எரியும். மோசமான பிழை, வெளியேறும் காலில் எர்த் வயரை மாட்டுவது. சுவிட்சைத் தட்டியதும் மின்சாரம் நேரே எர்த்துக்குப் பாய்ந்து ஃபியூஸ் போகும். இதைக் கண்டு பெரிய ஃபியூஸ் போடுபவர்கள் உண்டு. அடுத்து எரிவது வயர்தான்.

சுருளின் எர்த் பக்கத்தில் சுவிட்சை வைக்கும் முறையும் உண்டு. அதில் சிறு விளக்கின் எர்த் காலுக்கு மின்சாரம் தர வேண்டியிருக்கும். இழை விளக்கு எந்தத் திசையிலும் எரியும். எல்இடி ஒரு திசையில் மட்டுமே ஒளிரும் என்பதால் அந்த முறையில் எரியாது.

எல்இடி சுவிட்ச் கெடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சுவிட்சை அணைக்கும் கணத்தில் ரிலே சுருள் நூறு வோல்ட்டுக்கும் மேலான எதிர்த்திசை மின்னழுத்தத்தை எழுப்பக்கூடும். சிறு விளக்கு சுருளுக்கு இணையாக இருப்பதால் அடி அதன் மேல் விழும். சுருளின் குறுக்கே டையோடு அல்லது மின்தடை பதித்த ரிலேக்களில் இது தணியும். டையோடு உள்ள ரிலேயில் பொதுவாக 86 நேர்முனை, 85 எதிர்முனை. மாற்றி இணைத்தால் டையோடு குறுக்குச் சுற்றாகிவிடும்.

சுவிட்சுக்கான மின்சாரத்தைச் சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் வயரிலிருந்து எடுத்தால், மறந்து விட்டுச்சென்ற விளக்கு இரவில் பேட்டரியைக் காலி செய்யாது. கனரக லாரிகள் பலவும் 24 வோல்ட்டில் இயங்குபவை. அவற்றில் 12 வோல்ட் ரிலே சுருள் சூடேறிக் கருகும்.

இணைத்த பிறகு சுவிட்சைப் போட்டால் ரிலேயில் மெல்லிய ‘டிக்’ ஒலி கேட்க வேண்டும். ஒலி கேட்டும் விளக்கு எரியாவிட்டால் 30, 87, விளக்கின் எர்த் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். சுவிட்ச் விளக்கு எரிந்தும் ஒலி இல்லையென்றால் 86-க்கு வரும் வயரையும் 85-இன் எர்த்தையும் முதலில் பார்க்க வேண்டும். பெயிண்ட் அடித்த தகட்டில் முறுக்கிய எர்த் திருகுதான் பெரும்பாலும் சிக்கும்.