நாய் உண்ணியும் அதனை ஒழிக்கும் இயற்கை வழிகளும்

புதுவை நகரில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, திண்ணையும் தாழ்வாரமும் வைத்துக் கட்டிய பழைய தமிழ் வீடுகள் இன்னும் பல உள. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய அவற்றின் சுவர்களில், காலப்போக்கில் பூச்சு விண்டு, மூலைகளிலும் நிலைகளின் ஓரத்திலும் வெடிப்புகள் விழுந்திருக்கும். வீட்டு நாய் பகலெல்லாம் அந்தத் திண்ணை நிழலில் படுத்துறங்கும். அதன் காதுமடலை விலக்கிப் பார்த்தால், எள்ளளவில் சிலவும், ஆமணக்கு விதையளவில் ஒன்றிரண்டுமாக உண்ணிகள் பற்றியிருக்கக் காணலாம். வில்லியனூர், பாகூர், நெட்டப்பாக்கம் முதலிய பகுதிகளில் களங்காக்கும் நாய்க்கும் தொழுவத்து மாட்டுக்கும் இதே தொல்லைதான்.

நாயின்மேல் வேப்பிலைச் சாற்றைப் பூசிவிட்டு, பத்து நாளில் மறுபடியும் உண்ணி ஏறிவிட்டதென்று சலித்துக்கொள்வோர் பலர். அது வேப்பிலையின் குற்றம் மாத்திரமன்று. நாயின் உடலில் காணப்படுவது உண்ணிக் கூட்டத்தில் ஒரு சிறு பங்கே. பெரும் பங்கு சுவரிலும் தரையிலும் ஒளிந்திருக்கிறது. இவ்வுண்மையை அறியாமல் எந்த மருந்தைக் கையாண்டாலும் பயன் நிலைக்காது.

உண்ணியின் வாழ்க்கை

உண்ணி பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. சிலந்திக்கும் தேளுக்கும் உறவானது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு 6 கால்கள். அதற்கடுத்த இளம் பருவத்திலும் முதிர்ந்த பருவத்திலும் 8 கால்கள். நாய் உண்ணி இந்த மூன்று பருவங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு முறை நாயின்மேல் ஏறி, சில நாட்கள் இரத்தம் குடித்துக் கீழே விழும். பிறகு வெடிப்பில் ஒளிந்து தோலுரித்து, மீண்டும் நாயைத் தேடும். முதிர்ந்த பெண் உண்ணி ஒன்று முதல் மூன்று வாரம் வரை குடித்துப் பருத்தபின் கீழிறங்கிச் சுவரேறி, இடுக்கில் 4000 வரை முட்டையிட்டு மடியும். வெப்பம் ஏற்றதாயிருப்பின் இவ்வளவும் ஏறத்தாழ 2 மாதத்தில் நிறைவேறும். முதிர்ந்த உண்ணி இரத்தமின்றி ஓராண்டுக்கு மேலும் உயிர் தரித்திருக்க வல்லது. கடுங்குளிர் என்பதையே அறியாத புதுவைக் கடற்கரையில் ஆண்டு முழுவதும் அது பெருகுவதில் வியப்பில்லை.

மாட்டு உண்ணியின் வழக்கம் வேறு. அது குஞ்சாக ஒரு மாட்டின்மேல் ஏறினால், முதிரும்வரை அதே மாட்டில் தங்கி, முட்டையிடுவதற்கு மட்டும் கீழே இறங்கும். ஆகையால் மாட்டுக்கு உடலைக் கவனிப்பது முதல் வேலை. நாய்க்கோ அது படுக்கும் இடத்தைக் கவனிப்பது முதல் வேலை.

உண்ணியால் விளையும் நோய்கள்

கால்நடைகளுக்கு உண்ணி நோய் பரப்பும் என்பதை 1893-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்மித், கில்போர்ன் என்னும் இருவர் மாடுகளின் டெக்சாஸ் காய்ச்சலைக் கொண்டு மெய்ப்பித்தனர். புதுவையைப் போலவே அக்காலத்தில் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டிருந்த வட ஆப்பிரிக்க நாடுகளில் நாய் உண்ணியைப் பற்றிய ஆராய்ச்சி சிறப்பாக நடந்தது. 1910-இல் தூனிஸ் நகரில் கோனோர், புரூஷ் என்போர் உடலில் தடிப்புகள் தோன்றும் ஒருவகைக் காய்ச்சலை விவரித்தனர். அது நாய் உண்ணியால் மனிதருக்குப் பரவுவது பின்னர்த் தெளிவாயிற்று. அதே இனத்தைச் சேர்ந்த காய்ச்சல் இந்தியாவில் ‘இந்திய உண்ணி டைபஸ்’ எனப்படுகிறது. 1935-இல் அல்ஜீரியாவில், உண்ணி மொய்த்த நாய்களின் இரத்தத்தில் எர்லிக்கியா என்னும் நுண்கிருமி கண்டறியப்பட்டது. இந்நாட்டு நாய்களுக்கு வரும் உண்ணிக் காய்ச்சலில் பெரும்பகுதி இக்கிருமியாலும், சிவப்பணுக்களை அழிக்கும் பபேசியா என்னும் கிருமியாலும் உண்டாவதே.

இவ்விடத்தில் ஒரு பெயர் மயக்கத்தை நீக்க வேண்டும். மழைக்காலத்திலும் அதனையடுத்த பனிக்காலத்திலும் புதுவையிலும் தமிழ்நாட்டிலும் மிகுதியாகக் காணப்படும் ‘ஸ்க்ரப் டைபஸ்’ என்பதையும் மக்கள் உண்ணிக் காய்ச்சல் என்றே வழங்குகின்றனர். அதனைப் பரப்புவது நாய் உண்ணியன்று. எலி, மூஞ்சூறு முதலியவற்றின்மேல் வாழும், கண்ணுக்குப் புலப்படாத அளவுள்ள ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சே அதற்குக் காரணம். நாயைக் கழுவுவதால் அக்காய்ச்சல் தடைபடாது. புதரை வெட்டி, எலியை ஒழித்து, புல்வெளியில் வெறும் உடம்போடு உட்காராமலிருப்பதே அதற்குரிய காப்பு.

கையால் எடுத்தல்

நாள்தோறும் நாயின் காது, கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, விரலிடுக்கு ஆகிய இடங்களைத் தடவிப் பார்க்க வேண்டும். உண்ணி தென்பட்டால், சிறு இடுக்கியால் தோலை ஒட்டி அதன் வாய்ப்பகுதியைப் பற்றி, திருகாமலும் நசுக்காமலும் நேராக இழுக்க வேண்டும். எடுத்ததைச் சோப்பு நீரிலோ மண்ணெண்ணெயிலோ போட்டுக் கொல்லலாம். நகத்தால் நசுக்குவது கூடாது. அதன் உடற்சாறு விரற்புண்ணில் பட்டால் நோய் தொற்றும். தீக்குச்சியால் சுடுதல், எண்ணெய் ஊற்றி மூச்சடைக்கச் செய்தல் ஆகிய பழக்கங்களும் தீயவை. அவற்றால் உண்ணி தன் எச்சிலைக் கடிவாயினுள் கக்க நேரும்.

இருப்பிடத்தைத் திருத்துதல்

சுவர் வெடிப்புகளையும் தரை இடுக்குகளையும் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்து, அதன்மேல் வெள்ளையடிப்பது சிறந்த முறை. நாய் படுக்கும் சாக்கை வாரம் ஒருமுறை கொதிநீரில் ஊறவைத்துக் கடும் வெயிலில் உலர்த்த வேண்டும். வைக்கோல் படுக்கையாயின் எரித்துவிட்டுப் புதியது போடலாம். சுவரோரத்தில் விறகு, ஓடு, பழைய சாமான் ஆகியவற்றைக் குவித்து வைத்தல் உண்ணிக்குக் குடியிருப்பு அமைத்துக் கொடுப்பதாகும். தொழுவத்தில் நாட்டுக்கோழிகளைத் திரியவிட்டால் அவை தரையில் விழுந்த உண்ணிகளைக் கொத்தித் தின்னும். எனினும் அதனை மட்டும் நம்பியிருத்தல் போதாது.

இலை மருந்துகள்

மாடுகளின் உண்ணிக்குத் தேசிய பால்வள வாரியம் பரிந்துரைக்கும் மூலிகைக் கலவை வருமாறு: பூண்டு 10 பல், வேப்பிலை ஒரு கைப்பிடி, வேப்பம்பழம் ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம், உண்ணிச்செடி இலை ஒரு கைப்பிடி, துளசி ஒரு கைப்பிடி. இவற்றை அரைத்து, 1 லிட்டர் நீரில் கலந்து, துணியில் வடிகட்டி, வெயில் நேரத்தில் மாட்டின் உடல் முழுவதும் தெளிக்க வேண்டும். தொழுவத்தின் இடுக்குகளிலும் தெளிக்க வேண்டும். உண்ணி ஒழியும்வரை வாரம் ஒருமுறை இவ்வாறு செய்தல் அவசியம். உண்ணிச்செடியைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெடுமாதலால், அரைத்த சக்கையைத் தீவனத்தில் சேரவிடலாகாது.

இக்கலவையை நாய்க்கு உபயோகிப்பது தகாது. நாய் தன் உடலை நக்கும் இயல்புடையது. பூண்டு அதன் இரத்தத்தைக் கெடுக்கும். நாய்க்கு ஒரு பங்கு வேப்பெண்ணெயைப் பத்துப் பங்கு தேங்காய் எண்ணெயில் கலந்து, முதலில் சிறிதளவு இடத்தில் தடவி ஒரு நாள் பார்த்து, எரிச்சலில்லையேல் கழுத்திலும் முதுகிலும் தேய்க்கலாம். பூனைக்கும், பால்குடி மாறாத குட்டிக்கும் இதுவும் ஆகாது. வேப்பெண்ணெய் உண்ணியைச் சில நாள் விலக்கி வைக்குமேயன்றி, முற்றிலும் கொல்லுமென எதிர்பார்க்கக் கூடாது.

புகையிலைச் சாறு, மண்ணெண்ணெய், கற்பூரம் ஆகியவை இயற்கையென்றும் கைமருந்தென்றும் சொல்லப்பட்டாலும் நாய்க்கு நஞ்சே. சீத்தாப்பழ விதைப்பொடி உண்ணியைக் கொல்லக்கூடும்; ஆயினும் கண்ணிற் பட்டால் பெருங்கேடு விளைக்கும். எல்லாவற்றினும் கொடியது, பயிருக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தை நீரில் கரைத்து நாயைக் குளிப்பாட்டுதல். அதனால் நாய் மடிவதோடு, அதனைத் தொட்டு விளையாடும் குழந்தைகளும் ஆபத்துக்குள்ளாவர்.

மனிதர் கொள்ள வேண்டிய காப்பு

புதரிலும் மேய்ச்சல் நிலத்திலும் வேலை செய்வோர் கால்களை மூடும் உடையணிந்து, வீடு திரும்பியதும் அவ்வுடையைக் களைந்து வெந்நீரில் துவைத்து, குளித்து, உடலைச் சோதித்துக்கொள்ள வேண்டும். எலுமிச்சை மணமுள்ள யூகலிப்டஸ் மரத்தின் எண்ணெயிலிருந்து செய்யப்படும் பூச்சு உண்ணியை விலக்குமெனத் தெளிந்துள்ளது. 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதைப் பூசலாகாது. நாயைப் படுக்கையில் சேர்த்துக்கொள்ளும் வழக்கத்தை விடுதல் நலம்.

இயற்கை முறை நோயைத் தடுப்பதற்கே. வந்த நோயை அது தீர்க்காது. நாய் தீனியை வெறுத்து, ஈறு வெளுத்து, மூக்கில் இரத்தம் கசிந்தாலும், சிறுநீர் கருத்து இறங்கினாலும், தாமதியாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். புதுவையை அடுத்த குரும்பாப்பேட்டிலுள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையம் சுற்றுவட்டாரக் குடியானவர்களுக்கு அருகிலேயே இருக்கிறது. மனிதருக்குக் கடும் காய்ச்சலோடு, உடலில் சுருட்டால் சுட்டதுபோன்ற கருத்த பொருக்கு ஒன்று காணப்பட்டால், அதனையும் உண்ணி கடித்த செய்தியையும் மருத்துவரிடம் முதலிலேயே கூற வேண்டும். டாக்சிசைக்ளின் என்னும் விலை மலிந்த மருந்து காலத்தில் கொடுக்கப்பட்டால் இக்காய்ச்சல்கள் விரைவில் தணியும். காலந்தாழ்த்தினால் உயிருக்கே மோசம் வரலாம்.

ஒரு வீட்டார் மட்டும் முயன்று, அடுத்த வீட்டு நாயும் தெரு நாயும் உண்ணியோடு திரிந்தால் வேலை பாதியே முடிந்ததாகும். ஆதலின் கிராம அதிகாரிகளும் கொம்யூன் பஞ்சாயத்தாரும் ஒரே வாரத்தில் தெருவிலுள்ளோர் யாவரும் இடுக்கடைத்துச் சுண்ணாம்படிக்கவும், புதர் நீக்கவும் ஏற்பாடு செய்தால் செலவு குறைவு, பலன் மிகுதி. அன்று எஞ்சிய முட்டைகள் குஞ்சாகி முதிர 2 மாதம் செல்லுமாதலால், அதுவரை நாயைத் தடவிப் பார்க்கும் வேலையை ஒரு நாளும் தவறவிடலாகாது.