கப்பல் சிப்பந்திக்கு 'டிப்ஸ்' எப்படி?

ஆழ்வார்பேட்டைவாசிகளே, கப்பல் சுற்றுலாவுக்கு பெட்டி கட்டியாச்சா? ஒரு விஷயம்!

டி.டி.கே. சாலை ஓட்டலில் சாப்பிட்டால், பில் தட்டில் சில்லறை வைத்து விட்டு எழுந்து விடுகிறோம். கப்பலில் கணக்கே வேறு.

2022 ஜூன் 4-ந் தேதி சென்னை துறைமுகத்தில் இருந்து 'எம்பிரஸ்' சொகுசு கப்பலை முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பி வைத்தார். கப்பல் ஆசை நம்மூரையும் தொட்டது.

கண்ணில் படாதவர்கள்

பல வெளிநாட்டு கப்பல்களில் தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று 'டிப்ஸ்' பணம் பயணி கணக்கில் தானாக ஏறி விடும். அறையை சுத்தம் செய்பவர், பரிமாறுபவர் மட்டும் அல்ல. உள்ளே வேலை பார்க்கும் சிப்பந்திகளுக்கும் அதில் பங்கு உண்டு.

எனவே ஏறியதும் கவுண்ட்டரில் கேளுங்கள். "அதை எடுத்துடுங்க" என்று மிச்சம் பிடிக்காதீர்கள். அடி விழுவது கண்ணில் படாதவர் வயிற்றில்!

பெயரை எழுதுங்கள்

நன்றாக கவனித்தவருக்கு தனியாகவும் கையில் கொடுக்கலாம். அதோடு, கடைசி நாள் கருத்து படிவத்தில் அவர் பெயரை எழுதுங்கள். மேலதிகாரி கண்ணில் படுவது அதுதான்.

6 மாதம், 9 மாதம் வீட்டை பார்க்காத பிள்ளைகள் அவர்கள். 24 மணி நேரத்தில் 10 மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்பது சர்வதேச விதி. சாப்பாட்டு கூடத்தை மூடும் நேரத்தில் போய் உட்காராதீர்கள்.

"தம்பி, உங்க பேர் என்ன?" என்று கேட்க காசு வேண்டாமே!