சமநிலைக்கு என்ன விலை? ஒரு வரவு செலவுக் கணக்கு

ஒவ்வொரு காதுக்குள்ளும் 3 அரைவட்டக் குழல்கள், 2 சிறு பைகள். தலை திரும்புவதைக் குழல்கள் சொல்கின்றன. தலை சாய்வதையும் உடல் முன்பின் நகர்வதையும் பைகள் சொல்கின்றன. இரு காதுக்கும் சேர்த்து 10 உணர்விகள். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை தடுமாறுவதற்கு, பெரும்பாலும் இந்தப் பத்தும் பழுதானது காரணமல்ல. அவை தரும் செய்தியைக் கண், தசை, பாதம் தரும் செய்திகளோடு சேர்த்துத் தசைகளை ஏவும் மூளையில்தான் சேதம்.

எத்தனை பேர்

1,000 பிறப்புகளில் சுமார் 2 முதல் 3 குழந்தைகளுக்கு இந்தப் பாதிப்பு வருகிறது. அவர்களில் மூவரில் ஒருவரால் நடக்க இயலாது. நால்வரில் ஒருவருக்கு வலிப்பு உண்டு. இயக்கத்திறனை 5 நிலைகளாகப் பிரிக்கிறார்கள். 1ஆம் நிலைக் குழந்தைக்குச் சமநிலை என்பது கைப்பிடி இல்லாமல் படியேறுவது. 5ஆம் நிலைக் குழந்தைக்கோ தலையை நிமிர்த்தி வைப்பதே சமநிலை.

எது பலன் தந்தது

1978: இன்னும் நடக்கத் தொடங்காத, 2 முதல் 6 வயதுள்ள 23 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு. காதின் அரைவட்டக் குழல்களைத் தூண்டுவதற்காகச் சிகிச்சைக் குழுவை நாற்காலியில் வைத்துச் சுழற்றினார்கள். 4 வாரம், 16 அமர்வுகள். இயக்கம் மேம்பட்டதாக முடிவு.

1980: செல்லிக், ஓவர் என்ற இரு ஆய்வாளர்கள் இதைத் திரும்பச் சோதித்தார்கள். பலன் தெரியவில்லை.

2003: ஷம்வே-குக் என்ற ஆய்வாளரின் குழுவினர் 6 குழந்தைகளை நகரும் மேடையில் நிற்க வைத்தார்கள். நாளுக்கு 100 அசைவுகள், 5 நாள், ஆக 500. நிலைகுலைந்து மீளும் நேரம் குறைந்தது. 30 நாள் கழித்தும் அந்தப் பலன் இருந்தது.

6 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் வேறுபாடு தெளிவு. சுழலும் நாற்காலியில் குழந்தை சும்மா உட்கார்ந்திருந்தது. நகரும் மேடையில் விழாமலிருக்கத் தானே 500 முறை முயன்றது.

என்ன செலவு

தனியார் இயன்முறை அமர்வு ஒன்றுக்கு 500 ரூபாய், உடன் செல்பவருக்கு அரைநாள் கூலி இழப்பு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அமர்வு 45 நிமிடம்.

வாரம் 2 வீதம் ஆண்டுக்கு: 104 அமர்வுகள்
கட்டணம்: 52,000 ரூபாய்
கூலி இழப்பு: 31,200 ரூபாய்
மொத்தம்: 83,200 ரூபாய்
கிடைத்த பயிற்சி: 78 மணி நேரம்

வீட்டில் தினமும் 20 நிமிடம் பழகினால் ஆண்டுக்கு 7,300 நிமிடம், அதாவது 121 மணி 40 நிமிடம். இதற்காக அமர்வுகளை நிறுத்திவிடக் கூடாது. குழந்தைக்கு எது ஏற்றது, எது ஆபத்து என்று பார்த்துச் சொல்லப் பயிற்சி பெற்ற கண் வேண்டும். வலிப்புள்ள குழந்தைக்கு இது இன்னும் அவசியம்.

என்ன வரவு

தமிழகத்தில் தகுதியுள்ள கடும் பாதிப்புள்ளோருக்கு மாத உதவித்தொகை 2,000 ரூபாய், ஆண்டுக்கு 24,000. மேற்சொன்ன செலவில் இன்னும் 59,200 ரூபாய் துண்டு விழுகிறது. சாதாரண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கும் கட்டணமில்லை. மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களில் சிகிச்சை இலவசம். நிராமயா மருத்துவக் காப்பீட்டின் ஆண்டு உச்சவரம்பு 1 லட்சம் ரூபாய். ஆனால் கூலி இழப்பை இவற்றில் எதுவும் நேரடியாக ஈடுகட்டுவதில்லை. ஆகவே மையம் வீட்டுக்கு அருகில் இருப்பதே பெரிய உதவி.

எப்படி அளப்பது

நிற்கக்கூடிய குழந்தைகளுக்கான சமநிலை அளவுகோலில் 14 செயல்கள்; செயலுக்கு 4 வீதம் 56 மதிப்பெண். நாற்காலி, சிறு முக்காலி, அடிக்கோல், கடிகாரம் போன்ற எளிய பொருள்கள் போதும். 20 நிமிடத்தில் முடியும். விலையுயர்ந்த கருவி தேவையில்லை.

பெற்றோர் கேட்க வேண்டியவை மூன்று: இன்றைய அமர்வில் என் குழந்தை தானாக எத்தனை முறை முயன்றது? தொடக்கத்தில் மதிப்பெண் எவ்வளவு, இப்போது எவ்வளவு? வீட்டில் எதைப் பழக்க வேண்டும்? இவற்றுக்கு விடை தரும் இடத்தில் செலவழிக்கும் பணம் வீண்போகாது.