காலில் புண்ணோடு ஒரு செவிலியர்

1574-இல் நேபிள்ஸ் நகரில் ஓர் இளைஞர் சூதாடித் தோற்றார். கையிலிருந்த காசு போயிற்று, வாள் போயிற்று, கடைசியில் போட்டிருந்த சட்டையும் போயிற்று. ஆறரை அடி உயரம். வெனிஸ் படையில் சேர்ந்து துருக்கியருக்கு எதிராகப் போருக்குப் போனவர். காலில் ஆறாத புண். பெயர் கமில்லஸ் தே லெல்லிஸ்.

அந்தப் புண்ணுக்காகத்தான் 1571-இல் முதன்முதலாக உரோமை நகரின் புனித யாக்கோபு மருத்துவமனைக்குப் போனார். தீராத நோய்க்காரர்களுக்கான இடம் அது. அங்கேயே வேலையும் கிடைத்தது. ஆனால் சூதாட்டமும் சண்டையும் விடவில்லை, வெளியே அனுப்பிவிட்டார்கள்.

சட்டையையும் இழந்தவர் மன்ஃப்ரெதோனியாவில் கப்புச்சின் துறவிகளின் கட்டட வேலையில் கூலியாளாகச் சேர்ந்தார். 1575 பிப்ரவரி 2 அன்று வழிப்பயணத்தில் மனம் உடைந்து அழுதார். வாழ்க்கை அங்கே திரும்பியது. கப்புச்சின் சபையில் சேர்ந்தார். புண் மறுபடி உடைந்ததால் அங்கும் நிலைக்க முடியவில்லை. திரும்பிப் போன இடம், முன்பு தன்னை விரட்டிய அதே மருத்துவமனை.

இந்த முறை அவர் கண்ணில் பட்டது வேறு. நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர்கள் சம்பளத்துக்கு வந்த ஆட்கள். பசித்தவருக்குச் சோறு ஊட்ட ஆளில்லை, சாகிறவர் பக்கத்தில் உட்கார ஆளில்லை. தானும் அந்தக் கட்டிலில் கிடந்தவர் என்பதால் இது அவருக்கு உறைத்தது. 1582-இல், கூலிக்காக அல்லாமல் அன்புக்காக நோயாளிகளைக் கவனிக்கும் ஆண்களின் குழு ஒன்று வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. ஒரே பிள்ளை நோயில் விழுந்தால் தாய் எப்படிப் பார்ப்பாளோ, அப்படிப் பார்க்க வேண்டும் என்பதைப் பிற்பாடு சபையின் விதியாகவே எழுதி வைத்தார்.

முப்பது வயதைக் கடந்த பிறகு சிறுவர்களோடு உட்கார்ந்து இலத்தீன் படித்து, 1584-இல் குருவானார். 1586-இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் குழுவை அங்கீகரித்து, அங்கியின் மார்பில் சிவப்புச் சிலுவை அணிய அனுமதித்தார். ஜெனீவாவில் செஞ்சிலுவைச் சங்கம் பிறந்தது 1863-இல்தான்.

1591-இல் குழு முழுமையான துறவற சபையானது. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்றோடு நான்காவதாக ஒரு வார்த்தைப்பாடு: உயிருக்கே ஆபத்து என்றாலும் நோயாளிக்குப் பணி செய்வது. இது ஏட்டோடு நின்றுவிடவில்லை. நேபிள்ஸ் துறைமுகத்தில் கொள்ளைநோய் என்று கரையேற விடாமல் நிறுத்திய கப்பல்களுக்குள் அவருடைய சபைச் சகோதரர்கள் ஏறிப் போனார்கள். சிலர் அந்தப் பணியிலேயே இறந்தார்கள். 1595-இலும் 1601-இலும் ஹங்கேரிப் பகுதிப் போர்க்களங்களில் காயம்பட்ட வீரர்களைக் கவனிக்கவும் சென்றார்கள்.

இறந்துவிட்டார் என்று நினைத்து உயிர் இருக்கும்போதே புதைத்துவிடும் கொடுமை அன்று நடந்தது. அதனால், மூச்சு நின்றதாகத் தோன்றினாலும் சிறிது நேரம் கூடவே இருந்து செபிக்க வேண்டும் என்று தம் ஆட்களுக்குக் கட்டளையிட்டார். எனக்கு அவரை மிகவும் நெருக்கமாக்குவது இந்தச் சின்ன ஏற்பாடுதான். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் இப்படித் தோன்றும்.

அவருடைய புண் கடைசிவரை ஆறவில்லை. நடக்க முடியாத நாட்களிலும் கட்டிலுக்குக் கட்டில் தவழ்ந்து போய்ப் பார்த்தார். 1614 ஜூலை 14 அன்று உரோமையில் இறந்தார். 1746-இல் புனிதர் பட்டம். 1930-இல் செவிலியர்களின் பாதுகாவலர் என்ற அறிவிப்பு.

செவிலியர் பணி என்றதும் நைட்டிங்கேல் அம்மையாரை நினைக்கிறோம், நியாயம்தான். கிரிமியப் போருக்கு அவர் விளக்கோடு போவதற்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே போர்க்களத்துக்குத் தம் சகோதரர்களை அனுப்பிய இவருடைய படமும் நம் செவிலியர் பயிற்சிப் பள்ளிச் சுவர்களில் இடம்பெற வேண்டும்.