சூரியனே எட்டாத குகையில் பாசி எப்படிப் படர்கிறது?

சுண்ணாம்புக் குகைக்குள் ஒளியூட்டிய பாறையை அண்ணாந்து பார்க்கிறீர்கள். கொஞ்சம் குனிந்து விளக்கருகே பாருங்கள்: அங்கே மட்டும் பச்சைத் திட்டு. பாசியின் நுண்வித்துகள் காற்றோடும் நீரோடும் நம் செருப்போடும் உள்ளே வந்தபடிதான் இருக்கின்றன. ஈரமும் உண்டு, இல்லாதது வெளிச்சம்தான். மூடிய தண்ணீர்த் தொட்டியில் பாசி பிடிப்பதில்லை. திறந்து வைத்தால் பச்சை ஏறிவிடும். குகை விளக்கு செய்வதும் மூடியைத் திறக்கும் வேலைதான்.

தேய்த்துக் கழுவினால் போகாதா? போகும்; விளக்கு எரியும்வரை திரும்பியும் வரும். சுண்ணாம்புப் பரப்பும் சேர்ந்து உரியும். பிரான்சில் 1948-இல் பார்வைக்குத் திறந்த லாஸ்கோ ஓவியக் குகையை, விளக்கும் பார்வையாளர் மூச்சும் பாசி வளர்த்ததால் 1963-இல் மூடினார்கள். அப்படியானால் இருட்டில் தடவிக்கொண்டா நடப்பது? வேண்டாம். ஆள் வரும்போது மட்டும் எரிந்து அணையும் விளக்கு, பாசியைப் பட்டினி போடும்.